கூடையும் காட்டுச் சட்டமும்

கைத்தொழிலைப் புகழ்வதில் நம் ஜனங்களுக்கு இணையில்லை. பொருட்காட்சியில் மூங்கில் தட்டொன்றைக் கண்டால் மெய்ம்மறந்து வியக்கிறோம். அதே கைகள் முடைந்த முறம் வாசலுக்கு வந்தாலோ, பாதி விலைக்குக் கேட்கிறோம். எமது ஐயப்பன்தாங்கலில் பிளாஸ்டிக் கூடைக்குக் கடைக்குள் இடமுண்டு. மூங்கிற் கூடைக்குத் தெருவோரமே கதி.

ஒரு கூடைக்குரிய உழைப்பைச் சற்றே கவனியுங்கள். பச்சை மூங்கிலைக் கத்தியால் பிளந்து, பிளாச்சாக்கி, மேல்தோலை வேறாகவும் உட்பகுதியை வேறாகவும் சீவ வேண்டும். தோல்தான் வலுவுள்ளது. காய்ந்தால் வளைக்கையில் முறியுமாதலால் ஈரம் காக்க வேண்டும். அடியைப் பரப்பி, குத்துப் பிளாச்சுகளை நிமிர்த்தி, சுற்றிச் சுற்றிப் பின்னி, விளிம்பு கட்டினால்தான் கூடை. இதில் இயந்திரமும் இல்லை, அளவுகோலும் இல்லை.

பிளாச்சுக்குத் தப்பை என்றும் பெயர். அதனாலேயே பெயர்பெற்ற தப்பைக் குறவர் நம் நாட்டில் உண்டு. 1871-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது, குறவர் பிரிவுகள் பல அதன் பிடியில் சிக்கின. ஊர் ஊராய்ச் சென்று விற்பதே ஜீவனமாகக் கொண்டவர்களுக்கு, ஊர்விட்டு ஊர் செல்வதே சந்தேகத்துக்குரிய செயலாயிற்று! 1947-இல் இம்மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

மூங்கிலும் எளிதில் கைக்கு எட்டியதில்லை. 1882-ஆம் வருஷத்துச் சென்னைக் காட்டுச் சட்டம் வனங்களை ஒதுக்கிக் காவலிட்டது. பல மாகாணங்களுக்கான 1927-ஆம் வருஷத்துச் சட்டமோ, புல்லினமாகிய மூங்கிலை மரமென்றே கணக்கிட்டது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அந்தக் கணக்கிலிருந்து நீங்க 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் வனத்தில் வாழ்வோருக்கு மூங்கிலை உரிமையாக்கியது. நல்லதே. ஆனால் பட்டணத்துச் சாலையோரத்தில் முடைபவர் வனவாசியல்லரே! அவர் வியாபாரியிடம் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். செரோக்கி என்னும் பூர்வகுடிகள், ஆற்றோரத்தில் வளரும் மெல்லிய மூங்கிலினத்தால் உள்ளும் புறமும் இரட்டைச் சுவராகக் கூடை பின்னுபவர்கள். 1838-இல் அவர்களில் பெரும்பாலோர் பலவந்தமாகத் தாயகத்தைவிட்டு விரட்டப்பட்டனர். மூங்கிற் புதர்களும் வயல்களுக்காக அழிக்கப்பட்டன. வட கரோலினா மலைகளில் எஞ்சியவர்களின் சந்ததியார், 1946-இல் க்வாலா என்ற கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். தொழிலாளரே அதன் சொந்தக்காரர். சரக்கின் தரத்தைக் காப்பதும் அவர்களே. அச்சங்கம் இன்றும் நடக்கிறது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? கைத்திறன் தானாக அழிவதில்லை. மூலப்பொருளும் நியாய விலையும் மறுக்கப்படும்போதுதான் அழிகிறது. மூங்கிலைச் சகாய விலையில் அளிப்பது சர்க்காரின் கடமை. முறத்துக்குப் பேரம் பேசாதிருப்பது நம் கடமை. முறம் வாங்கும் சகோதரிகள், வெந்தயமும் பழங்காகிதமும் அரைத்து அதன்மேல் பூசிக் காயவிடட்டும். இடுக்குகள் அடைபட்டு வெகுகாலம் உழைக்கும். முடைந்தவரின் குழந்தைக்கும் அன்று அடுப்பு எரியும்.