திருமணச் செலவின் பாயின்ட்டில் தேனிலவு போகலாமா?



செம்பூரிலிருந்து ஒரு வாலிப சகோதரன் கடிதம் எழுதியிருக்கிறார். விரைவில் அவருக்குத் திருமணம். பெண் வீட்டார் திருநெல்வேலிப் பக்கம். மண்டபம், சாப்பாடு, துணிமணி, கட்டில், பீரோ என்று ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய் செலவாகும் போலிருக்கிறது. இவை யாவற்றையும் தன் கிரெடிட் கார்டின் மூலம் செலவு செய்தால், அதில் சேரும் ரிவார்டு பாயின்ட்டைக் கொண்டே மனைவியோடு நான்கு நாள் வெளியூர் சென்று வரலாம் என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்களாம். "பாஸ்டர் ஐயா, இதில் தவறு உண்டா? தேனிலவே உலகத்தாரின் வழக்கம் என்று எங்கள் சபை மூப்பர் ஒருவர் சொல்கிறார்" என்று கேட்டிருக்கிறார்.

மூப்பரின் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில், புதிதாய் மணம் முடித்தவனுக்குப் படைச் சேவையிலிருந்து ஓராண்டு முழுவதும் விலக்கு அளிக்கும் பிரமாணம் இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம் மனைவியின் மகிழ்ச்சியேயன்றி வேறொன்றும் அன்று. ஓராண்டு கொடுத்த இடத்தில் நாம் நான்கு நாளுக்குக் கணக்குக் கேட்பது நியாயமாகத் தோன்றவில்லை. மேலும், தாராவியின் வீடுகளை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியை இலேசாக எண்ணமாட்டார்கள். பத்துக்குப் பத்து அறை ஒன்று. ஏணி வைத்து ஏறும் பரண் ஒன்று. கீழே தாய் தகப்பன், தங்கை, தம்பி. ஊரிலிருந்து வந்த மருமகள் தன் கணவனிடம் நான்கு வார்த்தை பேச வேண்டுமானால் தண்ணீர் பிடிக்கப் போகும்போதுதான் பேச வேண்டும். முன்பின் அதிகம் பழகாத இருவர் தனிமையில் பேசிப் பழகுவதற்கு நான்கு நாள் வெளியே போவதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி, பாயின்ட்டின் காரியத்துக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

கடைக்காரர் கார்டு இயந்திரத்தில் உங்கள் கார்டைத் தேய்க்கும்போது, அந்தத் தொகையில் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு சதவீதம் அவரிடமிருந்து கட்டணமாகப் பிடிக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கியைச் சேருகிறது. அதிலிருந்து ஒரு சிறு துணுக்கை உங்களுக்குத் திருப்பிக் கொடுப்பதே பாயின்ட். சாதாரண யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பினால் இப்படிப் பாயின்ட் சேராததற்குக் காரணமும் இதுவே. 2020 ஜனவரி முதல் அதற்குக் கடைக்காரரிடம் கட்டணம் கிடையாது. ஆனால் வங்கியின் வருமானம் கடைக்காரரின் கட்டணத்தோடு முடிவதில்லை. பில்லை முழுவதும் கட்ட முடியாமல் மாதாமாதம் வட்டி செலுத்துகிறவர்களிடமிருந்தும் அது வருகிறது. ஒருவர் இலவசமாய்ப் பறக்கும் விமானத்தின் இருக்கைக்கு, அவர் அறியாத வேறொருவர் வட்டி கட்டியிருக்கக்கூடும். அந்த வேறொருவர் நாமாக இருக்கிறோமா என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

6 லட்சம் ரூபாய் செலவு என்றால் 6 லட்சமும் கார்டில் போகாது. மாதம் முப்பது, நாற்பது ஆயிரம் சம்பளம் வாங்குகிறவருக்கு வங்கி கொடுக்கும் வரம்பு பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு லட்சம். சமையல் ஒப்பந்தக்காரரும் பந்தல்காரரும் ரொக்கமோ யு.பி.ஐ.யோ கேட்பார்கள், கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூட்டிக் கொடுங்கள் என்பார்கள். ஒரு சதவீதம் கிடைப்பதற்காக இரண்டு சதவீதம் கொடுப்பதில் லாபம் இல்லை. மாட்டுங்காவில் பட்டுப்புடவை எடுக்கலாம், செம்பூரில் ஃபிரிட்ஜும் கட்டிலும் வாங்கலாம், உறவினருக்கு ரயில் டிக்கெட் எடுக்கலாம். இவை கார்டில் போகும். தங்கம் வாங்கினாலோ, பல கார்டுகளில் பாயின்ட் குறைவு அல்லது இல்லை; அத்தொகையைத் தவணையாக மாற்றவும் பெரும்பாலான வங்கிகள் அனுமதிப்பதில்லை. நம் சபைகளில் பலர் நகை அணிவதில்லை. ஆனாலும் பெண் வீட்டார் "சேமிப்புக்கு" என்று சொல்லிக் கொடுப்பது நின்றபாடில்லை. அது வேறொரு மாதத்திற்கான பொருள்.

ஆகவே கார்டில் 2 லட்சம் ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கார்டில் 100 ரூபாய்க்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட்டுக்கு 25 பைசா மதிப்பு. அப்படியானால் கிடைப்பது 500 ரூபாய். ஒரு சதவீதம் திருப்பித் தரும் நல்ல கார்டாக இருந்தால் 2,000 ரூபாய். விமான டிக்கெட்டும் நட்சத்திர விடுதியும் பாயின்ட்டிலேயே எடுத்தோம் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களிடம் இருப்பது ஆண்டுக் கட்டணமே 10,000 ரூபாய்க்கு மேல் போகும் உயர்தரக் கார்டு. அவர்களுடைய சம்பளமும் செலவும் அதற்கேற்றவை.

அந்தக் கார்டுகளும் சொன்ன சொல்லில் நிலைத்திருப்பதில்லை. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் ஒரு மாதத்தில் ஒரு லட்சம் ரூபாய் செலவு செய்தவர்களுக்கு 25,000 பாயின்ட் கூடுதலாகக் கொடுத்துவந்தார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் அதை நிறுத்தினார்கள். பாயின்ட்டை விமான மைல்களாக மாற்றும் விகிதத்தையும் பாதியாகக் குறைத்தார்கள். நம் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெட் ஏர்வேஸை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காய் மைல்கள் சேர்த்துவைத்தவர்கள் எத்தனையோ பேர். 2019 ஏப்ரல் 17 அன்று இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்ததே அதன் கடைசி விமானம். மைல்களை நிர்வகித்தது தனி நிறுவனமாகையால் கணக்கு அழியவில்லை. ஆனால் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாராவும் ஏர் இந்தியாவோடு இணைந்துபோயிற்று. பாயின்ட் என்பது வங்கியில் கிடக்கும் பணம் அன்று. கொடுத்தவர் நினைத்தபோது அதன் மதிப்பைக் குறைக்கலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது காலாவதியும் ஆகும்.

இதுவரை சொன்னது வரவு. இனி மறுபக்கம்.

மேற்சொன்ன 2 லட்சத்தை உரிய தேதியில் கட்ட முடியவில்லை என்று கொள்வோம். கிரெடிட் கார்டு வட்டி பல வங்கிகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டியிருக்கிறது. ஒரு மாத வட்டி 7,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,260 ரூபாய். ஆக 8,260. பாயின்ட்டில் கிடைத்ததாக நாம் மகிழ்ந்த 2,000 ரூபாயைப் போல் நான்கு மடங்கு ஒரே மாதத்தில் போயிற்று. புதுமாப்பிள்ளை எப்படியோ 10,000 ரூபாய் திரட்டிக் கட்டுகிறார். அசலில் குறைவது 1,740 ரூபாய் மாத்திரமே. அந்த வட்டியும் பில்லின் கடைசித் தேதியிலிருந்து எண்ணப்படுவதில்லை. பொருள் வாங்கிய நாளிலிருந்தே எண்ணப்படும். பாக்கி நிற்கும் வரையில் புதிதாக வாங்கும் பாலுக்கும் காய்கறிக்கும்கூட வட்டியில்லாத நாட்கள் கிடையாது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் பல மாதங்களுக்கு, வருஷங்களுக்கு நீளும் என்ற எச்சரிக்கையை பில்லிலேயே அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம்.

"இவ்வளவு வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா?" என்று சிலர் கேட்பதுண்டு. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. அந்த 30 சதவீத வரம்பு இப்போது இல்லை.

நல்ல சம்பளமும் நல்ல சிந்தையும் உள்ள பிள்ளைகள் இதில் எப்படி விழுகிறார்கள்? பெரும்பாலும் பேராசையால் அன்று. தகப்பனார் ஊரில் நிலத்தை விற்றோ, சீட்டு எடுத்தோ ரொக்கமாகப் பணம் கொடுக்கிறார். மகன் கார்டில் செலவு செய்து, அந்த ரொக்கத்தைப் பில் வரும் வரையில் கையில் வைத்திருக்கிறான். திருமண வீட்டில் கையிலிருக்கும் ரொக்கம் தங்குமோ? பூக்காரர் வருகிறார், வேன்காரர் வருகிறார், ஊரிலிருந்து எதிர்பாராமல் இருபது பேர் வந்து இறங்குகிறார்கள். பில் வரும் நாளில் ரொக்கம் இல்லை. "மொய்ப்பணம் வரும், அதில் கட்டிவிடலாம்" என்பது அடுத்த நம்பிக்கை. மொய் வருமானமன்று, அன்பர்களே. நோட்டில் எழுதிவைத்து, அவர்கள் வீட்டுக் காரியத்தில் நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அது. ஒரு கடனை மற்றொரு கடனால் அடைத்துவிட்டு, மூன்றாவது கடனில் தேனிலவுக்குப் போகிறோம்.

இங்கே இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. பணம் தகப்பனுடையது, கார்டு மகனுடையது, பாயின்ட் யாருடையது? வங்கியின் கணக்கில் அது கார்டுக்காரனுடையதுதான். ஆனாலும் "அப்பா, உங்கள் பணத்தைச் செலவு செய்ததில் எனக்கு இவ்வளவு சேர்ந்திருக்கிறது" என்று சொல்லிவிடுவது நலம். பெண் வீட்டாரின் செலவையும் மாப்பிள்ளை தன் கார்டில் போட்டுக்கொண்டு, அவர்களிடம் ரொக்கம் வாங்கும்போது இது இன்னும் அவசியம். எந்தத் தகப்பனும் அதைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை. சொல்லாமல் விட்டதைப் பிறகு மூன்றாம் மனிதர் மூலம் கேட்கும்போதுதான் மனம் நோகிறது. ஒரே ஆண்டில் அக்காள் திருமணம், தம்பி திருமணம் என்று ஒருவருடைய கார்டு பில்லாக 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கட்டப்பட்டால், அந்தத் தகவல் வருமான வரித் துறைக்குப் போகும் என்பதையும் அறிந்திருங்கள். யார் பணம் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வைத்திருப்பது நல்லது.

மணப்பெண்ணுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். திருமணத்துக்கு முன்பே, கார்டு பாக்கி இவ்வளவு, அலுவலகக் கடன் இவ்வளவு என்று மாப்பிள்ளை சொல்லிவிட வேண்டும். அவளுக்கும் கடன் இருந்தால் அவளும் சொல்லட்டும். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு மணிக்கணக்காகக் கைப்பேசியில் பேசுகிறவர்கள் இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கலாம்.

செம்பூர் சகோதரனுக்கு என் பதில்: தவறில்லை, ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு செலவுக்கும் உரிய பணம் ஏற்கெனவே வங்கிக் கணக்கில் இருந்தால் மட்டுமே கார்டை எடுங்கள். தகப்பனார் கொடுக்கும் ரொக்கத்தை அன்றைக்கே கணக்கில் போட்டு, அன்றைக்கே கார்டுக்குக் கட்டிவிடுங்கள். பில் வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. வரம்பும் மறுபடி திறக்கும், பாயின்ட்டும் குறையாது. முழுப் பில்லும் தானாகவே கணக்கிலிருந்து எடுக்கப்படும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். குறைந்தபட்சத் தொகை என்ற தெரிவைத் தொடாதீர்கள். பாயின்ட்டுக்காகப் புதிய கார்டும், பாயின்ட்டுக்காகப் பெரிய மண்டபமும் வேண்டாம். ரயில் பயணமே அதிகம் என்றால், ஐ.ஆர்.சி.டி.சி.யும் எஸ்.பி.ஐ.யும் சேர்ந்து கொடுக்கும் கார்டின் பாயின்ட் ரயில் டிக்கெட்டுக்கே உதவும். ஆண்டுதோறும் தாதரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற குடும்பங்களுக்கு விமான மைலைவிட இது பொருந்தும்.

"உங்கள் பாயின்ட் இன்றோடு காலாவதியாகிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் திருடரின் வலை. பாயின்ட் இருக்கிறதா என்று வங்கியின் சொந்தச் செயலியில் மட்டும் பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

2,000 ரூபாய் பாயின்ட்டோடு கையிலிருந்து இன்னும் கொஞ்சம் போட்டால், மாதேரான் போய்வரலாம். லோக்கல் ரயிலில் நேரல் வரைக்கும். அங்கிருந்து 1907-இல் போடப்பட்ட சிறு ரயில் பாதை மலைமேல் ஏறுகிறது. மேலே சுற்றுலாப் பயணிகளின் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லாததால் இருவரும் பெரும்பாலும் நடந்தே சுற்ற வேண்டியிருக்கும். பேசுவதற்கு அது வசதி. மழைக்காலத்தில் மாத்திரம் நேரலிலிருந்து அந்தச் சிறு ரயில் ஓடாது. ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையில் திருமணம் வைத்திருப்பவர்கள் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.