எண்ணிக்கையும் எழுதுகோலும்

தோழா!

ஆண்டு 1922. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஐந்து மாணவரில் ஒருவர் யூதர்! கண்டார் தலைவர் லோவெல்; கலங்கினார்; வரம்பு கட்ட முனைந்தார். 1923-இல் அத்திட்டம் ஏற்கப்படவில்லை. ஓய்ந்ததா வஞ்சம்? 1926-இல் ‘குணநலன்’ எனும் முகமூடி அணிந்து, கொல்லைப்புற வழியே நுழைந்தது வரம்பு!

அந்த யூத இளைஞர்களோ, 1906-இலேயே அங்கு மெனோரா சங்கம் கண்டவர்கள். கல்லூரிதோறும் பரவிய அவ்வியக்கம், 1915-இல் ‘மெனோரா ஜர்னல்’ எனும் ஏட்டைத் தந்தது. அதில் வரலாறு பேசினர், இலக்கியம் பேசினர், கல்லூரிச் சங்கங்களின் பணிகளைப் பதித்தனர்.

தலைகளை எண்ணியவர் யூதரை வெறும் எண்ணாகக் கண்டார். ஏடு நடத்தியவர்களோ மனிதராகக் காட்டினர்!

மாணவர் ஏட்டைச் சிறுபிள்ளை விளையாட்டென்று எள்ளாதே, தோழா! பிறர் போடும் தப்புக் கணக்கைத் திருத்த, நம் வாழ்வை நாமே எழுதவேண்டும். எடு எழுதுகோலை!