பெண்கள் பிறவி அஷ்டாவதானிகளா?

“பெண்களுக்கு ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்க வரும், ஆண்களுக்கு வராது.” மகளிர் தின மேடையில், பட்டிமன்றத்தில், கல்யாண வீட்டுப் பேச்சில் என எங்கும் இது கேட்கிறது. “எங்க வீட்டம்மா ஒரு அஷ்டாவதானி” என்று பெருமையோடு சொல்கிறவர்களும் உண்டு. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதற்கு அவர்கள் காட்டும் காரணங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை.

முதலில் அவதானக் கலையையே பார்ப்போம். எட்டு வேலையை ஒருசேரச் செய்வதுதான் அஷ்டாவதானம் என்று பலரும் நினைக்கிறார்கள். மேடையில் நடப்பது வேறு. தெலுங்கு அஷ்டாவதானத்தில் கேள்வி கேட்கும் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பொருந்தாத ஓர் அடியைக் கொடுத்து அதைப் பொருந்தும்படி பாட்டாக்கச் சொல்வார். ஒருவர் சில சொற்களைக் கொடுத்து அவை வரப் பாடச் சொல்வார். ஒருவர் எழுத்துக்கு எழுத்து தடை போடுவார். இன்னொருவர் அவ்வப்போது மணி அடிப்பார். சம்பந்தமில்லாத கேள்வி கேட்டுக் குறுக்கே பேசவென்றே ஒருவர் இருப்பார். அவதானி இந்தப் பாடல்களை ஒரே மூச்சில் முடிப்பதில்லை. முதல் சுற்றில் பாட்டு கேட்ட ஒவ்வொருவருக்கும் முதல் அடி, அடுத்த சுற்றில் இரண்டாம் அடி என்று நான்கு சுற்றில் நான்கு அடிகளும் வரும். கடைசியில் எல்லாப் பாடல்களையும் முழுதாகச் சொல்லி, மணி எத்தனை முறை அடித்தது என்றும் சொல்வார். எந்த நொடியிலும் அவர் கையாள்வது ஓர் அடியைத்தான். விட்ட இடத்தை மறக்காமல் வைத்திருந்து திரும்பி வருவதுதான் அங்கே வித்தை. அதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும், பிறவியோடு வருவதில்லை. ஆண்களுக்கு இது வராது என்பவர்கள், 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு அவதானங்கள் கொண்ட சதாவதானம் செய்து காட்டிய இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலரை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

அடுத்து, அடுப்படியைச் சாட்சிக்கு அழைப்பார்கள். காலையில் ஓர் அடுப்பில் குக்கர், இன்னொன்றில் தாளிப்புக் கரண்டி. கடுகு போட்டாயிற்று. “அம்மா, ஏழெட்டு எவ்வளவு?” என்று பிள்ளை கேட்கிறான். “இருடா” என்பதுதான் பதில். கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்து, கறிவேப்பிலையும் போட்டு அடுப்பை அணைத்த பிறகுதான் “அம்பத்தாறு” வருகிறது. முந்திக்கொண்டு பதில் சொல்லப் போனால் பருப்பு கருகும். இதற்குள் குக்கர் அடித்தது மூன்றாவது விசிலா நான்காவதா என்று சந்தேகம் வந்துவிடும். ஒருசேர நடப்பது இரண்டு அடுப்புகளும் எரிவதுதான். அவற்றை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறவள் ஒருத்தி.

“சமைச்சுக்கிட்டே பாடம் சொல்லிக் கொடுக்கிறா” என்று நாமே சொல்கிறோமே என்றால், அந்தப் பேச்சு இரண்டு வேலையும் ஒரே பொழுதில் நடந்ததை மட்டும்தான் சொல்கிறது. மனம் இரண்டிலும் ஒரே கணத்தில் இருந்ததாக அதற்குப் பொருளில்லை.

பாடகர் பாடியபடியே தாளம் போடுகிறாரே என்று கேட்கலாம். உண்மைதான். அவர் கை பழகிய கை, யோசித்துத் தாளம் போடுவதில்லை. நடந்தபடி பேசுவதும் இப்படித்தான். நடக்கிறவரிடம் ஒரு கஷ்டமான கணக்கைக் கேளுங்கள், கால் தானாகத் தயங்கும். இரண்டுமே யோசித்து முடிவெடுக்கும் வேலையாக இருந்தால் ஒன்று காத்திருந்தே ஆக வேண்டும்.

பெண் மூளையின் அமைப்பே அப்படி என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. ஜெர்மனியில் 48 பெண்களையும் 48 ஆண்களையும் வைத்து இதைச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வேலையைச் சேர்த்துக் கொடுத்தபோதும், மாற்றி மாற்றிக் கொடுத்தபோதும் இரு பாலாருக்குமே வேகம் குறைந்தது, தவறு கூடியது. பெண்களுக்கு இதில் தனிச் சலுகை எதுவும் தெரியவில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடியும் என்ற நம்பிக்கை வீட்டோடு நின்றுவிடுவதுமில்லை. காதில் ஹெட்செட் மாட்டினால் பேசிக்கொண்டே வண்டி ஓட்டலாம் என்பதும் இதே நம்பிக்கைதான். கனடாவின் டொரண்டோ நகரில் நடந்து 1997இல் வெளியான ஆய்வு, செல்பேசியில் பேசும்போது விபத்து அபாயம் சுமார் நான்கு மடங்கு என்றது. கையில் பிடிக்காமல் பேசுவது பாதுகாப்பானது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி இரண்டு நொடியில் 33 மீட்டர் தாண்டிவிடும். கை ஸ்டியரிங்கில்தான் இருக்கும். கவனம் பேச்சில் போயிருக்கும்.

என்னை அதிகம் உறுத்துவது வீட்டுக்குள் ‘அஷ்டாவதானி’ என்ற பாராட்டு செய்யும் வேலை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையில் கைவைத்த ஆண்களுக்கு 97 நிமிடம். கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். இத்தனை வேலை ஒருத்தி தலையில் விழுவதால்தான் அவள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறாள். அந்த ஓட்டத்துக்கு ‘இயல்பான திறமை’ என்று பேர் வைத்துவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர் எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. களைப்பு என்று அவள் சொன்னாலும், “உனக்குத்தான் இதெல்லாம் சர்வசாதாரணமாச்சே” என்று பதில் வருகிறது.

வீட்டில் ஒருவரை அஷ்டாவதானி என்று புகழ்கிறவர்கள், நாளைக் காலையிலிருந்து அந்த எட்டில் நாலை வாங்கிக்கொள்ளுங்கள். குக்கர் விசிலை எண்ணுவதிலிருந்து தொடங்கலாம்.