பச்சை போர்த்தினால் போதுமா?

சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தில் இத்தனை ஆயிரம் மரக்கன்றுகள் நடப்பட்டன என்ற செய்தியைக் காணும்போது நாம் மகிழவே செய்கிறோம். ஆயினும் மரம் நடுவது வேறு, மண்ணை மீட்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது குடியானவனுக்கு நஷ்டத்தையே தரும் என்பது நமது அபிப்பிராயம்.

நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 1957 மே 20 அன்று பிரதமர் நேரு அங்கே சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1962-இல் மின்சார உற்பத்தி ஆரம்பமாயிற்று. அந்த மின்சாரத்தால் நம் பம்புசெட்டுகளும் விசைத்தறிகளும் அடைந்த பயனை நாம் மறுக்கவில்லை. நிலக்கரியை எடுத்த பிறகு நிலத்தை எந்த நிலையில் விட்டுச்செல்வது என்பதே நாம் கேட்கும் கேள்வி.

பழுப்பு நிலக்கரி அங்கே 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. ஒரு டன் நிலக்கரிக்கு 5 கன மீட்டருக்குக் குறையாத மண்ணை வாரி எடுக்கவேண்டியிருக்கிறது. அவ்வாறு வாரும்போது அடியிலிருந்த மணலும் களியும் மேலே வந்துவிடுகின்றன. பயிருக்கு உயிரளிக்கும் மேல்மண்ணோ ஓரிரு சாண் கனந்தான். அதைத் தனியே எடுத்து வைக்காவிட்டால், மேலே வந்த மண்ணில் மக்கும் இராது, தழைச்சத்தும் இராது. தனியே எடுத்தாலும், உயரமாகக் குவித்துப் பல ஆண்டுகள் போட்டுவைத்தால், குவியலின் உட்புறம் காற்றின்றி நுண்ணுயிர்கள் மடிகின்றன. ஆகவே ஒரு பக்கம் எடுத்த மேல்மண்ணை, தோண்டி நிரப்பிய மறுபக்கத்தில் தாமதமின்றிப் பரப்புவதே முறை.

அடுத்தது வரிசை. முதலில் சரிவைத் தணித்து, சமமட்ட வரப்பிட்டு, வெட்டிவேர் போன்ற புல்லால் மண்ணைப் பிடித்து நிறுத்தவேண்டும். பிறகு சணப்பு, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி ஆகியவற்றை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழவேண்டும். இவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதை நம் உழவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். தொழு உரமும் ஏரி வண்டலும் இட்டபின் வேம்பும் புங்கமும் முந்திரியும் தாமே நிலைக்கும். மண்ணைப் பக்குவப்படுத்தாமல் விரைவில் வளரும் ஒரே மரத்தை நெருக்கி நட்டால், பார்வைக்குப் பச்சை உண்டு. ஆட்டுக்குத் தழையும் இல்லை, மாட்டுக்குப் புல்லும் இல்லை.

நெசவாளர்க்கு இதில் பங்கில்லை என்று எண்ணவேண்டா. நீலச் சாயம் தரும் அவுரியும் பயறு இனத்துச் செடியே. சாயம் இறக்கியபின் மிஞ்சும் தழை நல்ல எரு. சணப்பின் நாரோ கயிற்றுக்கு உதவும். நெய்வேலிக்கு அண்மையிலுள்ள குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் தறியும் உண்டு, வயலும் உண்டு. உழவர் சங்கம் அவுரி பயிரிட்டு நெசவாளர் சங்கம் அதை வாங்குமாயின், மண்ணும் தேறும், இரு சங்கங்களும் தேறும்.

சட்டத்தின் துணையும் இல்லாமற் போகவில்லை. அமெரிக்காவில் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேல்மண்ணைத் தனியே காத்து, ஈட்டுத்தொகை கட்டிய பிறகே சுரங்கம் தோண்டலாம். செடிகொடிகள் நிலைத்தன என்று உறுதியான பின்னரே அத்தொகை முழுவதும் திரும்பும். நம் நாட்டிலும் நிலக்கரிச் சுரங்கத்தை மூடும் செலவுக்கெனத் தனிக்கணக்கில் பணம் கட்டும் நெறிமுறை 2009-இல் வந்தது. தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் செடிகளும் உயிரினங்களும் வாழத்தக்கதாக ஆக்கவேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கும்படி 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அரசாங்கத்துக்குக் கட்டளையிட்டது. விதி இருக்கிறது, அதைக் கேட்டுப் பெறும் குரல்தான் வேண்டும்.

ஆதலால் நாம் கோருவன மூன்று. முதலாவது, மேல்மண் எங்கே எடுக்கப்பட்டது, எங்கே பரப்பப்பட்டது என்ற கணக்கு கிராமத்தார் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். இரண்டாவது, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை விட்டு, மண் பரிசோதனையையும் விளைச்சலையும் அளவுகோலாகக் கொள்ளவேண்டும். மூன்றாவது, மீட்ட நிலத்தில் பயிரிடும் உரிமையில், நிலம் கொடுத்த குடும்பங்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதலிடம் தரவேண்டும்.

சங்கங்களால் இது இயலுமா என்று சிலர் ஐயுறலாம். கெட்ட மண்ணைத் தேற்றப் பல ஆண்டு பொறுமை வேண்டும் என்பது உண்மையே. ஒற்றை ஆளால் அத்தனை காலம் வருமானமின்றிக் காத்திருக்க முடியாது. அந்தப் பாரத்தைப் பலர் தோளில் பகிர்ந்துகொள்வதற்கே கூட்டுறவு ஏற்பட்டது. சுரங்கப் பகுதிச் சங்கங்கள் தத்தம் அடுத்த பேரவைக் கூட்டத்தில் இம்மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.