கண்டனம் மட்டும் போதாது

'கண்டனம்' என்ற வடசொல்லுக்கு வெட்டுதல், மறுத்தல் என்பது பொருள். இன்றோ அது அறிக்கைச் சொல்லாகிவிட்டது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோதும் கண்டனங்கள் குவிந்தன.

கடமை தவறும் அதிகாரிக்கும் நாம் கண்டனமே தெரிவிக்கிறோம். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் கண்டனம் சிறு தண்டனைதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989) அதோடு நிற்கவில்லை. புகாரைப் பதியாமல் வேண்டுமென்றே கடமை தவறும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அலுவலருக்கு 4ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

தென்னேரியானாலும் வேறு ஊரானாலும், புகார் கிடப்பில் போடப்பட்டால் கண்டனத்தோடு நிற்காமல் 4ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மனுக் கொடுப்போம். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குவோம்.