வண்டியும் ஒரு தொழிற்கருவியே

கத்தியைத் தீட்டாமல் பால்மரத்தடிக்குப் போகும் தொழிலாளி நம்மிடையே இல்லை. மழுங்கிய கத்தி பட்டையைக் கிழிக்கும். ஆழம் தவறினால் மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. இது தெரிந்தே நாள்தோறும் கத்தியைக் கவனிக்கிறோம். ஆனால், அந்தக் கத்தியையும் நம்மையும் தோட்டத்திற்குக் கொண்டு சேர்க்கும் பழைய மோட்டார் சைக்கிளை மட்டும் நின்று போகும் வரை ஓட்டுகிறோம். இது முறையா?

ஒரு காலத்தில் லயத்திலிருந்து பெரட்டுக்களம் கூப்பிடு தூரம். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின், தாமான் வீடுகளில் குடியிருந்து பல மைல் கடந்து வேலைக்கு வருவோர் நம்மில் அநேகர். அவர்களுக்குக் கப்சாய் வண்டி ஆடம்பரம் அன்று. அதுவும் ஒரு தொழிற்கருவியே. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். வழியில் வண்டி படுத்துவிட்டால் பெரட்டுத் தவறும். அன்றைய பாலும் போகும், கூலியும் போகும். பெரட்டுப் புத்தகம் எழுதும் கிராணிமாராகிய நாம் இதைக் கண்ணாரக் காண்கிறோம்.

2022 மே மாதத்தில் 1,500 வெள்ளி என வந்த குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆயிற்று. கூடிய அந்த 200 வெள்ளியை ஒரே ஓர் எஞ்சின் வேலை விழுங்கிவிடும். 2024 பிப்ரவரியில் வெள்ளியின் மதிப்பு 1998க்குப் பின் காணாத அளவுக்குச் சரிந்தது. நாணயம் சரிந்தால் கடல் கடந்து வரும் உதிரிச் சாமான்களின் விலை ஏறும். ஏறிய விலை இறங்குவதோ அரிது. பழுதான வண்டியைத் தள்ளிவிட்டுத் தவணைக்குப் புதியது எடுத்தால், மாதந்தோறும் கடன் கழுத்தைப் பிடிக்கும்.

செய்ய வேண்டியவை பெரிய வித்தைகள் அல்ல. கப்சாயில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் ஒரே எண்ணெய்தான். அளவும் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். அது குறைந்து கருகினால் மூன்றும் சேர்ந்து தேயும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் எண்ணெயை ஊற்றினால் கிளச் வழுக்கக்கூடும். செம்மண் புழுதி காற்று வடிகட்டியை அடைத்தால் பெட்ரோல் வீணாகும். தொய்ந்து காய்ந்த சங்கிலி, முன்னும் பின்னும் உள்ள பற்சக்கரங்களையும் சேர்த்துத் தின்னும். பிரேக்கும் டயருமோ காசுக் கணக்கு அல்ல, உயிர்க் கணக்கு. இந்நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டுபோவோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் வண்டிக்கு ஒதுக்குங்கள். எண்ணெய் மாற்றிய நாளையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

தொழிலாளியை மட்டும் குறை சொல்லிவிட்டு ஓய்வது நம் நோக்கமன்று. குண்டும் குழியுமான தோட்டப் பாதைதான் பாதி வண்டிகளை உடைக்கிறது. பாதையைச் செப்பனிடுவதும், பெரட்டுக்களத்தில் வண்டிகள் மழையில் நனையாதபடி கொட்டகை போடுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. தோட்டக் கமிட்டிகள் இவற்றை எழுத்து மூலம் கேட்க வேண்டும். கூட்டு ஒப்பந்தப் பேச்சிலும் பயணச் செலவுக்கு இடம் வேண்டும். வேலைக்கு வரும் வண்டி தொழிற்கருவி என்றால், அதன் தேய்மானத்தைத் தொழிலாளி மட்டுமே சுமப்பது நியாயமாகாது.

கோரிக்கை நிறைவேறும் வரை கைகட்டி இருக்கவும் வேண்டாம். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், மாதம் பத்து வெள்ளி கட்டியே தோட்டத்திற்குப் பங்குதாரர் ஆனார்கள் நம் முன்னோர். தோட்டத்தையே வாங்கிய சமூகத்திற்கு, பத்துப் பேர் சேர்ந்து எண்ணெயை மொத்தமாக வாங்குவது கடினமா? ஸ்பேனர் பெட்டி ஒன்றைப் பொதுவில் வைப்பது கடினமா? கைவேலை தெரிந்த இளைஞர்கள் மற்றவர்களுக்குக் கற்றுத்தரத் தயங்க வேண்டியதில்லை.

தோழர்களே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பாதையைப் பற்றிய மனுவும் எண்ணெய்க்கான சந்தாவும் அன்றே தொடங்கட்டும்.