கொள்முதல் கணக்கும் கல்லூரிப் பாடமும்

'இந்தத் தடவை எத்தனை மூட்டை போடலாம்?' நம்மில் பலருக்கு இந்தக் கேள்வியோடுதான் பொழுது விடிகிறது. அதிகம் போட்டால் முதல் முடங்குகிறது, வட்டி ஏறுகிறது, எலியும் வண்டும் பங்கு கேட்கின்றன. குறைத்துப் போட்டால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார். இத்தகைய கேள்விகளைக் கணக்குப் போட்டுத் தீர்ப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. ஆபரேஷன்ஸ் ரிசர்ச், அதாவது செயலாய்வு, என்று அதற்குப் பெயர். பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கும் நம் பிள்ளைகள் பலர் அதில் தேர்வு எழுதித் தேறித்தான் வருகிறார்கள்.

ஆனால் தேறி வந்த பிள்ளையிடம், "அரிசி லாரியை என்றைக்கு வரச் சொல்லலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கிறான். கட்டம் கட்டமாக அட்டவணை நிரப்பி விடை கண்டுபிடிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அந்த எண்கள் எந்தக் கடையிலிருந்து வந்தன என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை சொல்லித்தரும் முறையில் இருக்கிறது.

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1990களில் அமெரிக்க வணிகக் கல்லூரிகள் பலவற்றில் இந்தப் பாடம் செல்வாக்கு இழந்தது. கணக்கு மிகுதி, தொழிலுக்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லை என்று மாணவர்கள் ஒதுங்கினர். அங்கே இத்துறையினருக்கு இன்ஃபார்ம்ஸ் என்றொரு சங்கம் உண்டு. 1995-ல் இரண்டு பழைய சங்கங்கள் இணைந்து உருவானது. அந்தச் சங்கம் 2000 செப்டம்பரில் புதிய ஏடு ஒன்றைத் தொடங்கியது. செயலாய்வை எப்படிக் கற்பிப்பது என்பதற்கு மட்டுமேயான ஏடு அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் எர்ஹான் எர்குட் அதன் முதல் ஆசிரியர். அது காகிதத்தில் அச்சாகவில்லை. இணையத்தில் மட்டும், அதுவும் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கும்படி வெளியிட்டார்கள். வகுப்பில் ஆடத்தக்க வியாபார விளையாட்டுகள், நிறுவனங்களின் உண்மைப் பிரச்சினைகள், புதிர்கள், கணினிக் கணக்குத் தாள்கள் எல்லாம் அதில் வருகின்றன.

வாத்தியார்கள் தங்களுக்குள் ஏடு நடத்தினால் நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் அதிகம் என்பது நம் கருத்து. இந்தக் கணக்கின் பிறப்பைப் பார்த்தாலே அது விளங்கும். எவ்வளவு சரக்கை ஒரே தடவையில் எடுப்பது சிக்கனம் என்ற சூத்திரத்தை 1913-ல் எழுதியவர் ஃபோர்டு ஹாரிஸ். கல்லூரிப் பட்டம் பெறாத பொறியாளர். அவர் அதை எழுதியது ஆராய்ச்சி ஏட்டில் அல்ல, 'ஃபேக்டரி' என்ற தொழில் பத்திரிகையில். நம் சங்க இதழைப் போன்ற ஒன்றில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு சூத்திரம் வில்சன் என்பவர் பெயரில் பரவியது. மூலக் கட்டுரை பல பத்தாண்டுகள் கண்ணில் படாமலே கிடந்து, 1980களின் இறுதியில் தேடி எடுக்கப்பட்டு, 1990-ல் மறுபதிப்பானது. தொழில்காரர் எழுதியதைத் தொழில்காரரே மறந்தார்கள். எல்லார் கையிலும் கிடைக்கும்படி வைப்பதன் அருமை இதில் தெரிகிறது.

அந்தச் சூத்திரத்தை நம் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் ஆண்டுக்கு 1,200 மூட்டை அரிசி ஓடுகிறது. ஒரு தடவை லாரி வந்து இறக்க வாடகை, கூலி எல்லாம் சேர்த்து ரூ.3,200. ஒரு மூட்டையை ஓராண்டு வைத்திருந்தால் வட்டியும் கிடங்குச் செலவும் ரூ.192. மாதம் 100 மூட்டையாக எடுத்தால் ஆண்டுச் செலவு ரூ.48,000. இரண்டு மாதத்துக்கு 200 எடுத்தால் ரூ.38,400. மூன்று மாதத்துக்கு 300 எடுத்தால் ரூ.41,600. ஆக 200 சரி. இன்னொன்றையும் கவனியுங்கள்: நூறு மூட்டை கூடுதலாக எடுத்துத் தவறினால் நட்டம் ரூ.3,200 மட்டும், நூறு குறைத்துத் தவறினால் ரூ.9,600.

இதில் ஓட்டை இல்லையா? உண்டு. கம்பெனிக்காரர் தரும் ஸ்கீம், மொத்த வியாபாரி தரும் தவணை, தீபாவளி, பொங்கல், விலை ஏறும் என்ற வதந்தி, ஒன்றும் இதில் இல்லை. அதனால் தள்ளிவிடலாமா என்றால், கூடாது. சேர்க்க வேண்டியதைச் சேர்க்கத் தெரிந்தவர்கள் நாம்தாம்.

பத்திரிகை விற்பவர் கணக்கு என்று இன்னொன்று உண்டு. மறுநாள் விலைபோகாத பொருளை எவ்வளவு வாங்குவது என்பது அதில் வரும் கேள்வி. இட்லி மாவு பாக்கெட் ரூ.30-க்கு வாங்கி ரூ.40-க்கு விற்கிறோம், மீந்தால் முழு நட்டம். பாக்கெட் விற்றால் லாபம் 10, மீந்தால் நட்டம் 30. பாடப்புத்தகம் சொல்வது: நான்கு நாளில் மூன்று நாள் மாவு தீர்ந்துபோகிற அளவுக்குக் குறைவாகவே வாங்கு. புத்தகத்துக்கு அது சரி. மாவு இல்லையென்று திரும்பியவர் எண்ணெயையும் பருப்பையும் அடுத்த கடையில் வாங்கிவிடுவாரே, அதில் போகும் லாபம் ரூ.20 என்று சேர்த்துப் போடுங்கள். விடை உடனே மாறுகிறது: இரண்டு நாளில் ஒரு நாள் தீர்ந்தால் போதும். அந்த இருபது ரூபாய் எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. நம் கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

பெருநிறுவன அங்காடிகளும் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிகளும் இந்தப் படிப்புப் படித்தவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டுதான் நம்மோடு போட்டியிடுகின்றன. நம் வீட்டுப் பிள்ளையும் அதையே படித்திருக்கிறான். நம் கடைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை என்பதே நம் வருத்தம்.

ஆகவே நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளூர்க் கல்லூரிகளில் இப்பாடம் நடத்தும் ஆசிரியர்களை நம் கூட்டத்துக்கு அழைப்போம். மேடையும் பொன்னாடையும் வேண்டாம்; பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுகிற கூட்டமாக இருக்கட்டும். இலவசமாகக் கிடைக்கும் அந்த ஏட்டிலுள்ள வகுப்பு விளையாட்டுகளில் நம் கடைக்குப் பொருந்துவதை அவர்கள் தமிழில் சொல்லட்டும். நம் கடைக் கணக்கை அவர்கள் மாணவர்களுக்குப் பாடமாக்கட்டும். கடைப் பெயரும் கொள்முதல் விலையும் வெளியே போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. பெயரை மறைத்து, விலையை மாற்றி, தேதியையும் மூட்டை எண்ணிக்கையையும் மட்டும் கொடுத்தாலே பாடத்துக்குப் போதும்.

சென்ற ஆண்டின் கொள்முதல் பேரேட்டை அவ்வாறு தர விருப்பமுள்ள உறுப்பினர்கள், மளிகை, ஜவுளி, இரும்பு எந்தத் தொழிலானாலும், சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்து வைக்கலாம்.